நெஞ்சு மாத்திரையும் பவுலினின் கையும்

மணிக்கல் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் பலபேர் வாய்திறந்து முதலில் சொன்ன சொல் அம்மா இல்லை, ஆயா. அதில் எந்த அம்மாவுக்கும் வருத்தம் கிடையாது. வருத்தப்பட நேரம் எங்கே இருந்தது? விடிந்தும் விடியாமலும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடுகிறவள், போகிற போக்கில் பிள்ளையைக் கம்பளியில் சுருட்டிப் பிள்ளைக்காம்பராவில் கொடுத்துவிட்டு ஓடவேண்டியதுதான். அங்கே வாசலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பவுலின் நிற்பாள். கொழுந்தெடுக்கிற பெண்களின் பிள்ளைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளத் தோட்டம் ஒதுக்கிய ஒற்றை அறை அது. அந்த அறைக்கு ஆயாவும் அவளே, போலீசும் அவளே.

டயகமப் பக்கத்து மழை தெரியுமல்லவா? தகரக் கூரையில் விழ ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்திலும் பிள்ளைகள் அசந்து தூங்கும். கூரை மரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் தாய் உடுத்திக் கிழிந்த சேலை. அது பவுலின் போட்ட சட்டம். தாயின் வாசம் இருந்தால்தான் பிள்ளை கண்ணை மூடும் என்பாள். எல்லாத் தொட்டிலையும் ஒரே கயிற்றில் பிணைத்து, கயிற்றின் நுனியைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, மடியில் கிடக்கும் பிள்ளைக்கு மூக்கு வைத்த சின்னப் பாலாடையால் பால் புகட்டியபடியே மொத்தத்தையும் ஆட்டுவாள். அடுப்பில் கஞ்சி கொதிக்கும். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் பால் வாடையும் கலந்த ஒரு மணம் அந்த அறைக்கு உண்டு. அங்கே கிடந்து வளர்ந்தவர்களுக்கு இன்றைக்கும் எங்காவது அந்த மணம் பட்டால் கண் சொக்கும்.

பவுலின் வேதக்காரி, கழுத்தில் அந்தோனியார் பதக்கம். ஆனால் சாயந்தரம் தாய்மார் வருவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் முகம் துடைத்து, நெற்றியில் வட்டமாகக் கறுப்புப் பொட்டு வைத்து உட்கார்த்தி வைத்திருப்பாள். "பங்குச் சாமி பார்த்தா என்னா சொல்லுவாரு?" என்று யாராவது சீண்டினால், "சாமிக்கும் ஒண்ணு வச்சு விடுறேன், வரச் சொல்லு" என்பாள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. புருஷன் லோரன்ஸுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. நல்ல மனுஷன்தான், சாயந்தரம் ஆறு மணி வரைக்கும். அதற்குப் பிறகு கள்ளச்சாராயம் மனுஷனாகப் பேசும்.

எல்லாம் அந்தப் பொட்டில்தான் ஆரம்பித்தது. எழுபத்தாறோ எழுபத்தேழோ, ஒருநாள் பிள்ளைகளின் பொட்டெல்லாம் கோணல். சிலதுக்குப் புருவத்தில், சிலதுக்கு நடு மூக்கில். தாய்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பவுலினும் சிரித்தாள். ஆனால் அவளுக்குத் தெரியும், விரல் தன் பேச்சைக் கேட்கவில்லை. சும்மா மடியில் வைத்திருந்தால் கை ஒழுங்காக இருக்கும். ஏதாவது எடுக்கப்போனால்தான் கிடுகிடுவென்று ஆடும். ஆடக்கூடாது என்று பிடிவாதமாகப் பிடித்தால் இன்னும் மோசம். பிறகு கோப்பையைப் பாதிதான் நிரப்பினாள். பால் புகட்டும்போது முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டாள். மாதாவுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றும் வேலையை லோரன்ஸிடம் தள்ளிவிட்டாள்.

கை நடுங்கினால், வரிசை வீடுகளான லயத்தில் என்ன பேசுவார்கள்? தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் ராக்காயிதான் முதலில் வாயைத் திறந்தாள். "லோரன்ஸண்ணன் ஒத்த ஆளா அவ்வளவையும் குடிச்சு முடிப்பாருன்னா நெனைக்கிற? வீட்டுல பங்காளி இருக்குடி!" அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. பவுலினின் காதுக்கும் வந்தது. எரிச்சலில் குடத்தைப் போட்டு உடைக்காத குறை. போய்ச் சண்டை பிடிக்கலாம் என்றால், விரலை நீட்டித் திட்ட முடியாது, விரல் ஆடும். அது இன்னும் சாட்சியாகிப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும்: குடிகாரி என்று பேசிய அதே பெண்கள் மறுநாள் காலையில் அவள் கையில்தான் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பூரணி பிறந்தது எழுபத்தெட்டில். மீனம்மாவின் மகள். மாதம் முடியாமல் பிறந்த பிள்ளை, தோலும் எலும்புமாக ஒரு கையில் அடங்கும். தாய்ப்பாலை உறிஞ்சவே தெம்பு போதாது. பவுலின்தான் சொட்டுச் சொட்டாகப் பாலாடையில் ஊற்றித் தேற்றிக்கொண்டு வந்தாள். ஒரு நாள் பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிவரும் நேரம். மீனம்மா வாசலில் கால் வைக்கவும் பவுலினின் கை வெட்டி இழுக்கவும் சரியாக இருந்தது. பால் முழுக்கப் பிள்ளையின் மூக்கில் ஏறியது. பூரணிக்குப் புரையேறி முகம் நீலமாகிப் போயிற்று. பவுலின் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள், தட்டினாள், மாதாவே மாதாவே என்று தட்டினாள். ஒருவழியாகப் பிள்ளை வீறிட்டு அழுதது.

மீனம்மா பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். "ஒங்க கைய பாருங்கக்கா" என்றாள். "குடிக்கிறீங்களோ இல்லையோ, அது எனக்கு வேணாம். எம் புள்ள செத்துப் போயிரும்க்கா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மீனம்மா அழுதுகொண்டே சொன்னாள். அன்றைக்கே பவுலின் தோட்டத்து டிஸ்பென்சரி றோலண்ட் ஐயாவிடம் போனாள். அந்த மனுஷன் கையைப் பார்க்கும் முன்னால் வாயை முகர்ந்து பார்த்தார். முகர்ந்து ஒன்றும் கிடைக்காததால் கண்டி பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். "இது தலையில உள்ள கோளாறா இருக்கும் பவுலின்" என்றார்.

தலை என்றதும் அவளுக்கு உயிரே இல்லை. அவளுடைய அண்ணன் யேசுரட்ணம் மூளையில் கட்டி வந்து செத்தவன். வெட்டியும் பார்த்தார்கள், அதற்குப் பிறகு சில மாதம்கூட உயிர் நிற்கவில்லை. அவனுக்கும் கையில்தான் முதலில் தொடங்கியது, வலது கை விளங்காமல் போனது. தனக்கும் அதேதான் என்று முடிவு கட்டிக்கொண்டு அட்டனில் ரயிலேறினாள். லோரன்ஸ் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, குடிக்காமல், கூடவே போனான்.

கண்டி டாக்டர் மாத்தயா இளவயதுக்காரர், சிங்களவர். பவுலினுக்குச் சிங்களம் நன்றாகவே வரும். அவளை நடக்க வைத்தார், மூக்கைத் தொடச் சொன்னார், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "கொஞ்சம் குடித்தால் நடுக்கம் குறைகிறதா?"

பவுலினுக்கு வந்ததே கோபம்! கண்டிவரைக்கும் வந்தும் இதே கேள்வியா? "நான் குடிக்கிறவ இல்ல மாத்தயா!" என்றாள். லோரன்ஸ் தொண்டையைச் செருமினான். "கிறிஸ்மஸுக்கு வைன் குடிச்சியே புள்ள. அன்னிக்குக் கேக்கு நீதானே ஆடாம வெட்டின?" அவள் அவனை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். ஆனால் டாக்டர் சிரித்துவிட்டார். அதுதான் அடையாளமாம். இந்த நடுக்கத்துக்குக் காரணம் குடி இல்லை. குடித்தால் கொஞ்ச நேரம் அடங்குமாம், அவ்வளவுதான். கட்டியும் இல்லை. மூளை கைக்கு அனுப்புகிற கட்டளையில் ஒரு ஆட்டம் சேர்ந்துபோகிறது, சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும் என்றார். பவுலின் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காகவும் சேர்த்து அழுதாள்.

அவர் எழுதிக் கொடுத்தது இளஞ்சிவப்பில் ஒரு மாத்திரை. "இது நெஞ்சு நோய்க்கு என்று செய்த மருந்து. நெஞ்சுக்கு இதைக் கொடுத்த இடத்தில் கை நடுக்கமும் அடங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து இதற்கும் கொடுக்கிறோம். உங்கள் நெஞ்சில் ஒரு குறையும் இல்லை, நானே பார்த்துவிட்டேன்" என்றார். மூச்சிழுப்பு உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டு, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கொடுத்தார். வேறு யாருக்கும் பங்கு வைக்கக்கூடாது, சொல்லாமல் நிறுத்தவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

மாத்திரை வேலை செய்தது. அடடா, அந்த நாளெல்லாம் பவுலினுக்குத் திருநாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். லோரன்ஸுக்குக் கோப்பை நிறையத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினாள், அவன் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகளின் பொட்டு மறுபடி வட்டமாயிற்று. மீனம்மா கொஞ்ச நாள் தள்ளி நின்று பார்த்துவிட்டு ஒரு காலையில் பூரணியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அன்னிக்குப் பேசினத மனசுல வச்சுக்காதீங்கக்கா" என்றாள். "நீ பேசினதாலதானேடி நான் கண்டிக்குப் போனேன்" என்றாள் பவுலின்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் மாத்திரையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிறத்தைப் பார்த்து, எதற்கென்று சொல்வதுதான் வழக்கம். வெள்ளை, காய்ச்சல் மாத்திரை. மஞ்சள், வயித்து மாத்திரை. இளஞ்சிவப்பு, நெஞ்சு மாத்திரை. ஏனென்றால் அதைச் சாப்பிட்டு வந்த ஒரே ஆள் தொழிற்சங்கத்துத் தலைவர் கந்தப்பன். அவர் ஒருமுறை பெரட்டுக் களத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, செத்துப் பிழைத்தவர். அவர் டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்கும்போது, தனக்குக் கொடுக்கிற அதே போத்தலிலிருந்து றோலண்ட் ஐயா பவுலினுக்கும் எண்ணிப் போடுவதைக் கண்டார். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒனக்குமா தாயி?" என்றார்.

அன்று சாயந்தரத்துக்குள் மேற்கணக்கு முழுக்கச் செய்தி. பவுலினுக்கு நெஞ்சு நோய்!

அதற்குப் பிறகு அவர்கள் காட்டிய அன்பு இருக்கிறதே, அதைத் தாங்குவதற்கே ஒரு நெஞ்சு வேண்டும். குடிகாரி என்று பேர் வைத்த ராக்காயி கோழி அடித்துச் சூப்பு வைத்துக்கொண்டு வந்து, காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீரம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பவுலின் குடத்தைத் தொட்டால் நான்கு பேர் ஓடிவந்து பிடுங்கினார்கள். "நெஞ்சுக்கு இல்லடி, கைக்குத்தான் குடுத்தாங்க" என்று தொண்டை வறளச் சொன்னாள். யார் நம்புவார்கள்? நெஞ்சு மாத்திரையைக் கைக்குக் கொடுப்பார்களா? வேலை போய்விடும் என்று பயந்து மறைக்கிறாள் என்றார்கள். வியாதியை மறைத்து மலைக்குப் போகிற வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. றோலண்ட் ஐயாவும் சேர்ந்துகொண்டார். "நீ பயப்படக்கூடாதுன்னு கண்டியில அப்படிச் சொல்லியிருப்பாங்க" என்றார். லோரன்ஸ்கூட குடியை விட்டுவிட்டு, அவள் பார்க்காத நேரம் பார்த்து அவளையே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தான். கண்டி டாக்டர் சொன்னதை அவன் காதாரக் கேட்டவன்! அவனுக்கே சந்தேகம் வந்தபின் வேறு யாரைச் சொல்ல?

கடைசியில் கந்தப்பன் தலைவராக, தாய்மார் பின்னால் நிற்க, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ப் பேசினார்கள். பவுலின் பாடுபட்டது போதும், ஓய்வு கொடுங்கள் என்றார்கள். துரைக்கு என்ன நட்டம்? சரி என்றுவிட்டார். பிள்ளைக்காம்பராவுக்கு அழகம்மா என்ற இளம் பெண்ணைப் போட்டாகிவிட்டது. சொல்ல வந்தவள் மீனம்மாதான். "புள்ளைய மடியில வச்சிருக்கையில ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா என்னாக்கா பண்றது? நீங்க நல்லா இருக்கணும்னுதான்."

பவுலின் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாள்: "குடிகாரின்னு சொன்னப்பகூட புள்ளைய என் கையிலதானேடி குடுத்தீங்க?"

மீனம்மா கூடையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று பவுலினுக்குத் தெரியாது. அடுப்பைக் கழுவினாள், கழுவிய அடுப்பையே மறுபடி கழுவினாள். பிள்ளைக்காம்பரா கூப்பிடு தூரத்தில்தான். எந்தப் பிள்ளை அழுகிறது, பசிக்கா, வயிற்று வலிக்கா என்பதெல்லாம் இங்கிருந்தே அவளுக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்டது. ஆடாத கையை மடியில் வைத்துக்கொண்டு, இதற்காகவா இது ஆடாமல் நின்றது என்று அதையே வெறித்துப் பார்த்தாள்.

அந்த வாரம் ஒரு காலையில் பூரணியின் குரல் கேட்டது. மெலிந்த பிள்ளை, அழுகையும் மெலிந்துகொண்டே போயிற்று. பவுலின் எழுந்து போய்விட்டாள். உள்ளே அழகம்மாவும் சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். "காலையில இருந்து ஒரு சொட்டுகூட எறங்கலக்கா. பாலாடைய கண்டாலே வாய மூடிக்குது." தொட்டிலைப் பார்த்தால் வீரம்மாவின் சேலை! பூரணியை மாற்றிப் போட்டிருக்கிறாள். பவுலின் மீனம்மாவின் சேலையில் சுற்றி எடுத்துப் புகட்டிப் பார்த்தாள். அழுது களைத்த பிள்ளை அதற்கும் இசையவில்லை. தாய்மாரோ அன்றைக்கு உச்சி மலையில். அங்கே கொழுந்து என்றால் பத்து மணிக்கு இறங்கிவர முடியாது. பவுலின் பூரணியைச் சேலையோடு மார்பில் கட்டினாள், படியில் இறங்கி மலையைப் பார்த்து நடந்தாள்.

உச்சி மலை செங்குத்து. பழகிய கால்களுக்கே கெண்டைச் சதை பிடித்துக்கொள்ளும். மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ராக்காயிதான் முதலில் கண்டாள். "ஐயய்யோ, பவுலினக்கா ஏறி வருதுடி!" கூடை கூடையாக எல்லாரும் எட்டிப் பார்த்துக் கூச்சல். "நில்லுங்கக்கா! ஏறாதீங்க! நெஞ்சு வெடிச்சிரும்!" கங்காணி மாயாண்டி கம்பளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடினார். பவுலின் அவரை ஏறிட்டும் பார்க்காமல் தாண்டிப் போனாள்.

மீனம்மாவின் கையில் பிள்ளையைக் கொடுத்தாள். தேயிலைச் செடிகளுக்கு நடுவே மீனம்மா அப்படியே உட்கார்ந்து பால் கொடுக்க, தாயின் சூடு பட்டதும் பூரணி பற்றிக்கொண்டது. சுற்றி நின்ற பெண்கள் பிள்ளையைப் பார்க்கவில்லை, பவுலினையே பார்த்தார்கள். எப்போது விழுவாள் என்று பார்த்தார்கள்.

"உக்காருங்கக்கா. மூச்சு வாங்குதே!"

"இந்த மலைய ஏறினா வாங்காம? மாயாண்டி கங்காணிக்குந்தான் வாங்குது, அவரும் நெஞ்சு நோயாளியா?" பவுலின் ராக்காயியின் தலையைப் பிடித்து இழுத்துத் தன் மார்பில் அழுத்தினாள். "கேளுடி. நல்லா கேளு."

ராக்காயி கண்ணை மூடிக் கேட்டாள். "எம் புருசன் நெஞ்சவிட நல்லா அடிக்குதே!" என்றாள். பிறகு வீரம்மா காது வைத்தாள், மற்றவர்களும் முறை போட்டுக்கொண்டு வைத்தார்கள். மாயாண்டி கங்காணி மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பவுலின் ஒருத்தியின் தேத்தண்ணிப் போத்தலைப் பிடுங்கி, மூடியில் விளிம்புவரைக்கும் ஊற்றி, கையை நீட்டி எல்லோர் முகத்துக்கு நேரேயும் சுற்றிக் காட்டினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"மண்ணெண்ணெய ஊத்தி வெளக்கு எரிக்கிறீங்க. அதே மண்ணெண்ணெய புள்ளைங்க தலையில பேனுக்குத் தேய்க்கிறீங்க. அப்ப வெளக்குக்குப் பேன் புடிச்சிருக்கா? கந்தப்பன் மாமாவுக்கு அது நெஞ்சுக்கு. எனக்குக் கைக்கு. இதுக்கு மேல என்னால கத்த முடியாது."

மலையே சிரித்தது. மீனம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று சாயந்தரம் அவர்கள் மறுபடி கந்தப்பனைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனார்கள். பாவம், துரை தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் பவுலின் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அழகம்மாவைக் கூட்டுக்கு வைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு முதல் பாடம், எந்தச் சேலை யாருடையது என்பது.

அதற்குப் பிறகு வந்த வருஷங்கள் நல்ல வருஷங்கள். பூரணி தேறினாள், ஓடினாள், மற்றப் பிள்ளைகளின் தொட்டிலை ஆட்டப் பழகினாள். லோரன்ஸ் குடியைத் திரும்பத் தொடங்கினான், ஆனால் பாதிதான். ஒரே குறை, லயங்கள் காலியாகிக்கொண்டு வந்தன. இரண்டு நாட்டு அரசும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் பேர் விழுந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக லொறியில் அட்டனுக்குப் போய், ரயிலேறி, கப்பலேறின. ஒவ்வொரு முறையும் கூரை மரத்திலிருந்து ஒரு தொட்டிலை அவிழ்த்து, மடித்து, தாயின் கையில் கொடுப்பாள் பவுலின். கண்ணீர் விடமாட்டாள். லொறி திரும்பும்வரை கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கஞ்சியைக் கிண்டுவாள்.

எண்பத்திரண்டில் மீனம்மாவுக்குப் பேர் விழுந்தது.

லொறி பெரட்டுக் களத்தில் நின்றது. சட்டிபானையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. ராக்காயி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். மீனம்மா பூரணியைப் புதுச் சட்டையில் கூட்டிக்கொண்டு வந்து பவுலினுக்கு முன்னால் நிறுத்தினாள். "நீங்களே பொட்டு வச்சு விடுங்கக்கா."

பூரணி பழகிய மாதிரி முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பவுலின் மையில் விரலைத் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனாள். விரல் ஆடியது. இடக்கையால் வலக்கையைப் பிடித்தாள், இரண்டும் சேர்ந்து ஆடின. பொட்டு புருவத்துக்கு மேலே கோணலாக விழுந்து இழுபட்டது.

மீனம்மா அவள் கையையே பார்த்தாள். "மாத்திர போடலியாக்கா?"

"போட்டேன்டி."

மீனம்மா பொட்டைத் துடைத்துத் திருத்தவில்லை. பிள்ளையை அப்படியே தூக்கி லொறியில் ஏற்றினாள்.